பச்சையா, அரக்கா

முத்து முகம்மது இரண்டு பெயிண்ட் டின்களை முற்றத்தில் இறக்கி வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"கமரு, உனக்கு எந்தக் கலரும்மா புடிக்கும்? பச்சையா, அரக்கா?"

கமருன்னிசா மாவு இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கை தப்பி உரல் விளிம்பில் இடித்தது. அவளுக்கு வயது இருபத்தேழு. இத்தனை வருஷத்தில் உனக்கு எது பிடிக்கும் என்று வாப்பா ஒரு தடவை கேட்டதில்லை. பெருநாள் புடவைக்குக் கேட்டதில்லை, மாப்பிள்ளை பார்த்தபோது கேட்டதில்லை. கேட்காத மனுஷன் இன்றைக்குக் கேட்கிறார் என்றால், அவர் கேட்பது கலரை அல்ல என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

"எதுக்கு வாப்பா கலரு?"

"அறைக்குத்தான். சுவரெல்லாம் உதிருதே."

"யாரு அறைக்கு?"

வாப்பா செருமினார். "வெயிலு என்னா போடு போடுது," என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அந்த வீட்டில் அறை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். முன்னால் ஒரு கூடம், நடுவில் கையகல முற்றம், பின்னால் ஓலைச் சார்ப்பில் அடுப்பங்கரை, அதை ஒட்டிப் பலகை அடித்த விறகுக் கொட்டில். கூடத்தின் வலப்பக்கம் அந்த அறை. காரைக்காலில் அவர்கள் தெருவில் பெண் புருஷன் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது; மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவான். அவன் வந்து இறங்க ஒரு அறை வேண்டும். அறை இருக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை உண்டு. அறை இல்லாதவள் கூடத்திலேயே நரைத்துப்போக வேண்டியதுதான். வசதியுள்ள வீடுகளில் பெண் பிறந்ததுமே அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள். முத்து முகம்மது தோணிகளுக்குப் பாய்க்கயிறு கட்டிப் பிழைத்தவர். இரண்டு பெண்களைப் பெற்றார், ஒரு அறையைத்தான் கட்ட முடிந்தது.

அது கமருன்னிசாவின் அறை. அவளுடைய நிக்காஹ் அன்று ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னால், இது என் மூத்த மகளுக்கு என்று வாப்பா வாயால் சொல்லிக் கொடுத்தது. சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கினால் தெருவில் தலை காட்ட முடியாது. அவளாகக் கொடுத்தால் யாருக்கும் குற்றமில்லை.

மாப்பிள்ளை ஜெகபர் சாதிக் அந்த அறையில் ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இருந்தான். பிறகு சைகோனில் துணிக்கடை வேலை என்று கப்பலேறினான். பிரெஞ்சுக்காரன் அங்கே சண்டையில் தோற்று, இங்கேயும் கொடியை இறக்கிக்கொண்டு போன வருஷத்தோடு அவனிடமிருந்து தகவல் நின்றுபோனது. அதற்கப்புறம் அங்கிருந்து திரும்பியவர்களில் ஒருவன், குண்டு விழுந்த தெருவில்தான் அவன் கடை இருந்தது என்றான். இன்னொருவன், அந்த ஊர்ப் பெண் ஒருத்தியோடு, இடுப்பில் பிள்ளையோடு பார்த்தேன் என்றான். இரண்டில் எது நிஜமானாலும் கமருன்னிசாவுக்கு ஒன்றுதான். ஆனால் எது நிஜம் என்று தெரியாதவரை அவள் புருஷன் உள்ளவள். அவன் என்றைக்காவது வந்து நின்றால் எங்கே இறங்குவான்? இந்த ஒரு கேள்விதான் மூன்று வருஷமாக அவளை அந்த அறையில் வைத்திருந்தது.

இப்போது தங்கை ரோஷன் பேகத்துக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. திருமலைராயன்பட்டினத்துப் பையன், ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன், குடி சூது கிடையாது. நோன்பு தலைப்படுவதற்குள் நிக்காஹை முடித்துவிட வேண்டும், அதற்கு முன்னால் ஒரு நடை வந்து அறையைப் பார்க்கிறேன் என்று பையனின் தாயார் ஆஸியா பீவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

டின்கள் வந்தது அதற்காகத்தான். அரசலாற்று முகத்தில் ஒரு பழைய தோணியை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போன பிறகு முத்து முகம்மதுக்குத் துறைமுகத்தில் மிஞ்சியது உடைக்கிற வேலைதான். அடிப்பலகைக்குப் பூச வாங்கி மிச்சமிருந்த பெயிண்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார் தோணிக்காரர். ஒன்று கரும்பச்சை, பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்த்தது மாதிரி இருந்தது. மற்றது அரக்கு, காய்ந்த ரத்தத்தின் நிறம். கடல் பக்கத்து மண்ணில் எழுப்பிய சுவர் என்பதால் அறை முழுக்க உவர் பூத்திருந்தது. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் ஒரு மழைக்குச் செதில் செதிலாக விழும். அந்தச் சுவரில் நிற்கக்கூடியது கடல் தண்ணீரையே தாங்குகிற இந்தப் பெயிண்ட்தான்.

சாயங்காலம் உம்மா மஹ்பூபா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து கமருன்னிசாவின் பின்னால் உட்கார்ந்தாள். அவள் மூத்த மகளுக்குத் தலைவாரி எத்தனையோ வருஷம் ஆகிறது.

"பச்சைன்னா குளிர்ச்சியா இருக்கும். அரக்குன்னா சுவரு கொஞ்சம் எடுப்பா இருக்கும். நீ என்னா சொல்றே?"

"ஏதாச்சும் ஒண்ணை நீங்களே போடுங்க உம்மா. என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"நீதானே அறைக்காரி. உன்னைக் கேக்காம யாரைக் கேக்குறது?"

"அறைக்காரிக்குப் பெயிண்டே வேணாம்னு தோணுச்சுன்னா?"

சீப்பு பாதி முடியில் நின்றது. "உதிர்ற சுவத்துக்குக் கீழே எத்தனை நாளைக்குடி படுத்துக் கெடப்பே," என்றாள் உம்மா. சீப்பை மறுபடி இழுத்துக்கொண்டே, "சுவத்தைத்தான் சொல்றேன்," என்றாள்.

"நானும் சுவத்தைத்தான் சொல்றேன்."

கமருன்னிசா ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தாள். 'ரோஷனுக்கு அறை இல்லை, நீ விட்டுக் கொடு' என்று யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து கேட்கட்டும். கேட்டால் சண்டை போடலாம். அழலாம். உலக்கையைத் தூக்கி முற்றத்தில் எறிந்து, இந்த வீட்டு அடுப்பு யார் கையால் எரிகிறது என்று கேட்கலாம். வாப்பாவுக்கு வேலை இல்லாத நாட்களில் கல்யாண வீடுகளுக்கு அவள் இடித்துக் கொடுக்கிற மாவால்தான் உலை ஏறியது. உள்ளங்கை இரண்டும் மாட்டுக் குளம்பு மாதிரி காய்த்துப் போயிருந்தன. ஆனால் என்ன கலர் பிடிக்கும் என்று கேட்கிறவர்களிடம் எதைச் சொல்லிச் சண்டை பிடிப்பது? பச்சை என்றாலும் கொடுத்ததாக ஆகிவிடும், அரக்கு என்றாலும் கொடுத்ததாக ஆகிவிடும்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து பூமிநாதன் வந்தான். படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். வீட்டுக்குள் கூப்பிட்டது அவனுக்கு வேடிக்கையாக இருந்தது.

"ஏன் பாய், தோணிய உடைச்சுப்புட்டு வீட்டைத் தோணியாக்கப் போறீங்களா?"

"மழைக்கு முங்காம இருந்தாச் சரி."

"முங்காது. உள்ள இருக்குறவங்கதான் மூச்சு முட்டிப் போவாங்க. இந்த வாடை லேசுல போற வாடையா?"

"வெள்ளை கலந்து கொஞ்சம் வெளுத்துக்க முடியாதா?"

"கலந்தா உவருக்கு நிக்காது பாய். அப்புறம் என்னைத்தான் வைவீங்க. இருட்டாத்தான் அடிச்சாகணும். ரெண்டு இருட்டுல எந்த இருட்டுன்னு சொல்லுங்க, ஆரம்பிக்கிறேன்."

வாப்பா முற்றத்துத் தூணைப் பார்த்தார். அடுப்பங்கரைத் திரைக்குப் பின்னால் கமருன்னிசாவின் இரண்டு பக்கமும் நின்ற உம்மாவும் ரோஷனும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு முதுகில் சுட்டது.

"ரெண்டையும் ஒரு முழத்துக்கு அடிச்சுக் காட்டச் சொல்லுங்க வாப்பா," என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்றேன் என்ற சொல் காதில் விழுந்ததும் வாப்பாவின் தோள் இறங்கியது.

"எந்தச் சுவத்துல?" என்றான் பூமிநாதன்.

"தலைமாட்டுச் சுவத்துல."

அவன் டின்களோடு அறைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இதென்னா பாய், கட்டிலுக்கு மேல வட்டமா எண்ணெய்ப் பிசுக்கு? யாரோ தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சு உக்காந்திருக்காப்புல இருக்கே."

ஜெகபர் சாதிக் சாப்பிட்டதும் கட்டிலில் கால் நீட்டி, சுவரில் தலையைச் சாய்த்து உட்காருவான். தேங்காய் எண்ணெயை அள்ளி வைத்துக்கொள்கிற மனுஷன். அவன் போனபின் ஒவ்வொரு பெருநாளுக்கும் வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு காய்ந்த மறுநாளே அந்த வட்டம் மஞ்சளாக மேலே வந்து நின்றது. கடைசியாக அவன் அனுப்பியிருந்த சட்டைத்துணிகூட நைந்து கரித்துணியாகிவிட்டது. அவன் அந்த வீட்டில் இருந்தான் என்பதற்குச் சாட்சி சொல்ல அந்தப் பிசுக்கு ஒன்றுதான் மிச்சம்.

"எண்ணெய் மேல இது காயாது," என்றான் பூமிநாதன். "பிசுபிசுன்னே கெடக்கும். அடிக்கிறப்போ இதைச் சுரண்டிப்புடணும். இப்போதைக்கு ரெண்டு பக்கமும் அடிச்சு வெக்கிறேன்."

பூமிநாதன் போனதும் கமருன்னிசா உள்ளே போய்ப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு பச்சைக் கட்டம், வலப்பக்கம் ஒரு அரக்குக் கட்டம், நடுவில் ஜெகபர் சாதிக்கின் தலை.

அன்றிலிருந்து அவள் நாளைக் கடத்தினாள். காலையில் பச்சை கறுப்பாகத் தெரிகிறது, மத்தியானம் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மத்தியானம் வெயிலில் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது, மேகம் போட்டதும் பார்க்கிறேன் என்றாள். அந்த அறைக்கு இருந்ததோ உச்சியில் ஒரு சின்ன ஜன்னல். அதில் வெயில் என்ன, மேகம் என்ன? அது எல்லோருக்கும் தெரிந்தது. இருந்தும் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. உம்மா மீனில் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். வாப்பா கடைத்தெருவிலிருந்து அவளுக்கென்று பனங்கற்கண்டு வாங்கி வந்தார். அவள் மீனைத் தின்றாள், கற்கண்டையும் தின்றாள். வேண்டாம் என்று தள்ளினால் அதற்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே.

ஒருநாள் அக்காவும் தங்கையுமாக ஒரே உரலில் மாறி மாறி இடித்துக்கொண்டிருந்தார்கள். ரோஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"ராத்தா, சுவத்தைப் பாத்தேன்."

"ம்."

"பச்சை ஒரு மாதிரி பயமா இருக்குல்ல? கெணத்துக்குள்ள உக்காந்திருக்குற மாதிரி. அரக்குன்னா, விளக்கு வெச்சா உள்ளுக்குள்ள செவப்பாத் தெரியும் பாரு. மருதாணி வெச்ச கையாட்டம்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு உலக்கையை ஓங்கினாள். கமருன்னிசா நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் சூது இல்லை. அக்காவை விரட்ட வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அந்தப் பெண் தன் மனசுக்குள் அறையில் ஏற்கெனவே விளக்கேற்றி வைத்துவிட்டாள், அவ்வளவுதான். அந்த விளக்கு வெளிச்சத்தில் கமருன்னிசா எங்குமே இல்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருத்தி தள்ளினால் கையை ஓங்கலாம். இப்படிச் சந்தோஷத்தோடு தள்ளுகிறவளை என்ன செய்வது?

அவள் உலக்கையைத் தூணில் சாய்த்துவிட்டுக் கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"வாப்பா, பச்சை."

அவளுக்குப் பச்சை பிடிக்காது. தங்கைக்கு அரக்கு பிடித்திருந்தது, அதனால் பச்சை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. கொடுக்கிற கையால் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டுக் கொடுப்போம் என்கிற அளவுக்குத்தான் அவளிடம் வலு மிச்சமிருந்தது. ரோஷன் தலையைக் குனிந்துகொண்டு இடித்தாள்.

கூடத்திலிருந்து, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் வாப்பா. ஒரு கலருக்காக யாரும் அல்லாவைப் புகழ்வதில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உடனே எழுந்து வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை கமருன்னிசா சோடா உப்பும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். பூமிநாதன் செய்ய வேண்டிய வேலை. ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் இரும்பை வைத்து அதைச் சுரண்டுகிற சத்தத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அவளால் முடியாது. நாரால் தேய்த்தாள். போகவில்லை. பழைய தோசைக்கரண்டியால் சுரண்டினாள். சுண்ணாம்பு உதிர்ந்தது, பூச்சு உதிர்ந்தது, நனைந்த காரை கட்டியாகப் பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. அடியில் செங்கல் தெரிந்தது. செங்கல்லில் ஒன்றும் இல்லை. அள்ளிக் குப்பையில் கொட்டிவிட்டு வந்து மறுபடி உலக்கையை எடுத்தாள்.

அந்த வாரமே ஆஸியா பீவி கூண்டு வண்டியில் வந்து இறங்கினாள். ஆகிருதியான பொம்பளை, மனசில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வாப்பா மரியாதைக்குத் தெருப்பக்கம் போய் நின்றுகொண்டார். ரோஷனை அடுப்பங்கரையில் உட்கார வைத்தார்கள். கமருன்னிசா சர்பத் தட்டை ஏந்திக்கொண்டு அறைவாசலில் நின்றாள்.

"இதென்னா ரெண்டு கலரு தீத்தி வெச்சிருக்கீங்க?"

"பச்சை அடிக்கலாம்னு இருக்கு," என்றாள் உம்மா.

"பச்சையா? தர்காவுல போத்துற போர்வை கணக்கா இருக்கே. புது மாப்புள்ள படுக்குற எடமா, கபுருக் குழியா? அந்த அரக்கையே அடிச்சு விட்ருங்க."

"அடிச்சுட்டாப் போச்சு."

இதைச் சொல்ல உம்மாவுக்கு எச்சில் விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. கமருன்னிசா தட்டைப் பார்த்தாள். சர்பத்தில் ஊறிய கசகசா ஆடாமல் மிதந்தது. இத்தனை நாள் வீட்டையே காக்க வைத்த கலர் இதுதானா?

"யாரு பச்சைன்னு சொன்னது?" என்றாள் ஆஸியா பீவி.

உம்மா மகளைப் பார்க்கவில்லை. "பெயிண்ட்காரன்தான் சொன்னான். படகுக்காரன், அவனுக்கு என்னா தெரியும்."

ஆஸியா பீவி சர்பத்தை எடுத்துக்கொண்டு கமருன்னிசாவை ஏற இறங்கப் பார்த்தாள். "இதான் சைகோன்காரன் பொஞ்சாதியா? பாவம்." ஒரு மடக்குக் குடித்தாள். "அப்ப இந்தப் புள்ளை இனி எங்க படுக்கும்?"

அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வியை வெளியாள் ஒருத்தி, சர்பத் குடிக்கிற இடைவெளியில், சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். கேட்கட்டும் என்று கமருன்னிசா காத்திருந்ததும் இதற்குத்தான். அவள் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடித்தாள்.

"அவளுக்கு என்னா, எடமா இல்லே," என்றாள் உம்மா.

பூமிநாதன் வந்து நான்கு சுவருக்கும் அரக்கு அடித்தான். தலைமாட்டில் காரை பெயர்ந்த பள்ளத்தைக் கொஞ்சம் சிமெண்ட் வைத்து அடைத்து, அதன் மேலேயும் இழுத்துவிட்டான். வாடை தெரு வரைக்கும் வந்தது. ரோஷன் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அக்கா வருகிற சத்தம் கேட்டதும் நகர்ந்துகொண்டாள்.

கூடத்தில் படுக்கலாம் என்றுதான் கமருன்னிசா நினைத்திருந்தாள். ஆனால் புது மாப்பிள்ளை நடமாடுகிற கூடத்தில் வயசுப் பெண் படுத்துக் கிடப்பது முறையில்லை என்று உம்மா சொன்னாள். முறை என்று வந்துவிட்டால் பேச்சு கிடையாது. அவளுக்கு இடம் பண்ணக் கொட்டிலிலிருந்த விறகையெல்லாம் வெளியே எடுத்துக் கொல்லையில் அடுக்கினார்கள். அவளும் சேர்ந்துதான் அடுக்கினாள். தலையில் விறகுத்தூள் போகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, டிரங்குப் பெட்டியைத் தூக்க அறைக்குப் போனாள். பெட்டி இருந்த இடத்தில் மட்டும் தரை வெளுப்பாக இருந்தது.

பெட்டியோடு கொல்லைக்கு வந்தபோது கொட்டிலுக்குள்ளிருந்து வாப்பா கூப்பிட்டார்.

"வா கமரு. வந்து பாரு."

அவருக்கு முழங்கை வரை பச்சை. தாடியில்கூட ஒரு சொட்டு ஒட்டியிருந்தது. சுற்றிலும் பலகைச் சுவர் முழுக்கப் பழைய துணியைத் தோய்த்துத் தோய்த்துத் தானே பூசியிருந்தார். உடைக்கிற வேலைக்கும் போகாமல் காலையிலிருந்து இதைத்தான் செய்திருக்கிறார். அடுப்புக் கரிமேல் ஏறிய பச்சை கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது. உள்ளே எங்கே சுவர் முடிகிறது, எங்கே இருட்டு ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"டின்னு சும்மாதானே கெடந்துச்சு," என்றார். அவர் முகத்தில் வெகுநாளுக்கப்புறம் ஒரு தெளிச்சி. "நீ ஆசையாக் கேட்ட கலரு. அங்கதான் அமையலே. இங்கயாச்சும் உன் இஷ்டப்படி இருக்கட்டுமேன்னு."

அவள் பெட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். ஆசையாகக் கேட்கவில்லை என்று சொன்னால் அப்புறம் எதற்காகக் கேட்டாய் என்பார். அதைச் சொல்ல ஆரம்பித்தால் முதல் நாள் டின்னை இறக்கி வைத்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு வாப்பா."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திருப்தியாகப் போனார். உம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "காயுற வரைக்கும் சுவத்துல சாஞ்சுடாதேடி," என்றாள்.

பலகையில் வருஷக்கணக்கான அடுப்புப் புகையும் தாளிப்பு எண்ணெயும் ஏறியிருந்தன. கமருன்னிசா ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். ஒட்டியது. நாளைக்கும் ஒட்டும். எண்ணெய் மேல் இது காயாது என்று பூமிநாதன் சொன்னது வாப்பாவுக்கும் கேட்டதுதான்.

பெட்டியை நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில், எந்தப் பலகையிலும் படாதபடி பாயைக் குறுக்காக மடித்து விரித்து, முதுகை எங்கும் சாய்க்காமல் உட்கார்ந்தாள்.